பட்டையில் இருந்த நூல்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரை கடந்து ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டார ஊர்களை மூழ்கடித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றின் தென்கரையில் இருக்கும் எங்கள் ஊரும் அதற்குத் தப்பவில்லை. அப்பா காலமானபின் பூட்டியே கிடக்கும் பூர்வீக வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்தது. சாலை சீரானதும் பாளையங்கோட்டையிலிருந்து நானும் தம்பியும் போய் நான்கு நாட்கள் வண்டல் அள்ளினோம். பின்கட்டில் பரண் சரிந்து, அதில் இருந்தவை எல்லாம் சேற்றோடு சேறாகக் கிடந்தன. மண்வெட்டியில் ஏதோ இடறியது. எடுத்துக் கழுவிப் பார்த்தேன். பிடியில்லாத ஒரு வெட்டரிவாள்.

வாயில் ஒரு விரற்கடை அளவுக்குச் சில்லு தெறித்திருந்தது. அந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் முதுகை நோக்கிக் குறுக்கே ஓடிப் பாதியில் நின்றிருந்தது. துருவேறிய பின்னும் அந்த விரிசலை எனக்கு அடையாளம் தெரிந்தது. முப்பது வருடங்களாக அதை நான் மறக்கவில்லை, மறந்ததாக நடித்துக்கொண்டிருந்தேன். அதற்குக் காரணம் யார் என்பது இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்றும் நம்பியிருந்தேன். ஒருவர் அதை அடித்த கொல்லாசாரி. இன்னொருவன் நான்.

*

1992 நவம்பரிலும் இதேபோல் ஒரு வெள்ளம் வந்தது. எங்கள் வாழை முழுவதும் போயிற்று. மறு வருடம் புதிதாக வாழை வைத்து, தார் வெட்டும் பருவம் நெருங்கியபோது அப்பாவுக்கு ஓர் அரிவாள் தேவைப்பட்டது. எங்கள் பக்கத்து வழக்கம், இரும்பை நாம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆசாரிக்குக் கூலி மட்டும். அப்பா ஒரு லாரிப் பட்டறையில் சொல்லிவைத்துப் பழைய ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கிவந்தார். அதை ஆசாரியின் பட்டறைக்கு எடுத்துச் சென்றவன் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கையால் சுற்றும் காற்றுச் சக்கரம் அங்கே இருந்தது. அதையும் நாங்கள் துருத்தி என்றே சொல்வோம். அதைச் சுற்றுவதற்காகவே பள்ளி விடுமுறைகளில் அங்கே போய் உட்கார்ந்திருப்பேன். அன்றும் சுற்றினேன். ஆசாரி பட்டையைக் காய்ச்சி, அதன் வளைவை நிமிர்த்தி, நடுத்துளை இருந்த பகுதியை உளியால் வெட்டிக் கழித்தார். மீதியை மறுபடி காய்ச்சி வெளியே எடுத்தவர், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நின்று வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"தம்பி, பட்டையில ஒரு நூல் ஓடுது. இது ஆகாது. அப்பாட்டச் சொல்லி வேற பட்டை கொண்டாரச் சொல்லு. ஓடு."

நான் ஓடினேன். ஆனால் வீட்டுக்கு ஓடவில்லை. ஆற்றங்கரையில் பையன்கள் மட்டைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பட்டறைக்குத் திரும்பிப் போய், "அப்பா இதுலயே அடிக்கச் சொன்னாங்க" என்றேன்.

"சொன்னாகளா?"

"ஆமா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பட்டையை உலையில் வைத்தார்.

ஒரு மாதம் கழித்து வாழைத்தோட்டத்தில் அரிவாள் வாய் தெறித்தது. அப்பா அதை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அங்கே ஏர்க்கொழு பார்க்க வந்தவர்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

"என்ன வே, நம்ம பட்டையை வச்சுக்கிட்டு வேற பழைய தகரத்தை அடிச்சுக் குடுத்தீரா?"

ஆசாரி தெறித்த சில்லை வாங்கி உடைந்த முகத்தைத் திருப்பிக் காட்டினார். ஒரு பாதி புதிதாக மின்னியது. மறுபாதி கறுத்துக் கிடந்தது. "இது பழைய வெடிப்பு அண்ணாச்சி. பட்டையிலேயே இருந்திருக்கு. பாருங்க, கறுத்துக் கிடக்குல்லா" என்றார். அப்பா பார்க்கவில்லை. தொழில் தெரியாதவர், இரும்பைத் திருடுபவர் என்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னார். ஆசாரி ஒரே ஒரு முறை என் பக்கம் பார்த்தார். பிறகு உள்ளே போய் நாற்பது ரூபாய்க் கூலியை எடுத்துவந்து அப்பாவின் கையில் வைத்தார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்தப் பட்டறைக்குப் போனதில்லை. அப்பாவைப் பார்த்து மேலும் சில வீடுகளும் வேறு ஊர் ஆசாரிகளைத் தேடிப் போயின.

*

நான் படித்ததும் கற்பிப்பதும் தமிழ் இலக்கியம். ஆனாலும் வெள்ளத்துக்குப் பிறகான மாதங்களில் இரும்பு ஏன் வெடிக்கிறது என்பதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். இயற்பியல் துறை நண்பர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். என் குற்றத்தின் எடை எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கையால் அடித்த கத்தியில் விரிசல் பிறக்கும் இடங்கள் நான்கு: இரும்பு, நெருப்பு, சுத்தியல், நீர்.

முதலாவது இரும்பு. லாரியின் ஸ்பிரிங் பட்டை ஒவ்வொரு குழியிலும் வளைந்து நிமிர்கிறது. வருடக்கணக்கில், லட்சக்கணக்கான முறை. ஒரே முறையில் முறிக்க முடியாத சுமைகூடத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் உலோகம் சோர்ந்துவிடும். நடு ஆணி புகும் துளையின் விளிம்பிலோ, துரு அரித்த ஒரு புள்ளியிலோ மயிரிழையாக வெடிப்பு தொடங்கி உள்ளே நகரும். அந்த இழைக்குள் ஈரம் புகுந்து அதன் சுவர்கள் கறுத்துவிட்டால், பின்னர் எவ்வளவு காய்ச்சி அடித்தாலும் ஒட்டாது. தூய இரும்புதான் தூய இரும்போடு சூட்டில் பற்றும். நடுவே துரு இருந்தால் மேலே மூடியதுபோலத் தோன்றும். உள்ளே பிளவு அப்படியே இருக்கும். இரும்பின் இயல்பாலும் கேடு வரும். கந்தகம் கலந்த இரும்பு சிவந்த நிலையில் அடிக்கும்போதே பிளக்கும். பாஸ்பரஸ் மிகுந்தது ஆறிய பிறகு நொறுங்கும்.

இரண்டாவது நெருப்பு. உருக்கை அளவுக்கு மேல் காய்ச்சினால் அதன் உள்ளே இருக்கும் படிகங்கள் பருத்துவிடும். அப்படிப்பட்ட கத்தி உடைந்தால் உடைந்த முகம் சீனியைப்போல் பரும்படியாக மின்னும். வெண்சூட்டில் மத்தாப்பாகப் பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். அதன்பின் அதைச் சரிசெய்ய வழியில்லை. கொல்லர் பட்டறைகள் இருட்டாக இருப்பதற்குக் காரணம் வறுமை மட்டுமல்ல. வெயிலில் சிவப்பின் தரம் தெரியாது.

மூன்றாவது சுத்தியல். சிவப்பு மறைந்த பிறகும் சூடு இருக்கிறது என்று அடித்தால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். விளிம்பு மடங்கியதைக் கவனிக்காமல் மேலே அடித்தால் மடிப்பு உள்ளே புதைந்து ஒரு பொய்த் தையலாக நிற்கும். ஆழமான சுத்தியல் தடமும் அரத்தின் கீறலும் கூர்மூலையும் பின்னால் வரும் இழுவிசை வந்து குவியும் இடங்கள்.

நான்காவது நீர். எங்கள் பக்கத்தில் இதைத் துவைச்சல் என்பார்கள். செஞ்சூட்டில் இருக்கும் உருக்கு நீரில் முங்கும்போது வெறுமனே ஆறுவதில்லை. அதன் உள்ளமைப்பே மாறுகிறது. ஜெர்மானிய அறிஞர் அடோல்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் மார்ட்டென்சைட் என்று அழைக்கப்படும் அந்தப் புதிய அமைப்பு மிகக் கடினமானது, எளிதில் உடைவதும்கூட. அதோடு முன்பைவிடக் கூடுதல் இடத்தையும் பிடிக்கும். கரி மிகுந்த உருக்கில் இந்தப் பருமன் கூடுதல் ஏறத்தாழ நான்கு விழுக்காடு. முதலில் மேல்தோல் மாறி இறுகுகிறது. அதன்பின் உள்ளிருப்பது மாறி விரிய முற்படும்போது, இறுகிய தோல் அதற்கு இடம் கொடுக்க முடியாமல் வெடிக்கிறது. மெல்லிய வாயும் தடித்த முதுகும் ஒரே வேகத்தில் ஆறாததால் அரிவாளில் இந்த இழுபறி இன்னும் அதிகம். ஸ்பிரிங் பட்டையில் கரி அரை விழுக்காட்டைச் சற்றுத் தாண்டி இருக்கும். கூடவே சிலிக்கன், மாங்கனீஸ், குரோமியம் போன்றவையும் சேர்ந்திருக்கும். எண்ணெயில் மெதுவாக ஆறினாலே அது இறுகிவிடும். அதைக் குளிர்ந்த நீரில் முழுதாக முக்குவது வெடிப்பை விலைகொடுத்து வாங்குவதாகும்.

தேர்ந்த ஆசாரி வாயை மட்டும் நீரில் தொட்டு அசைத்து எடுப்பார். அசைக்காவிட்டால் நீராவி திரைபோல ஒட்டிக்கொண்டு ஓரிடம் ஆறும், ஓரிடம் ஆறாது. பின்பு முதுகில் எஞ்சிய சூடு வாய்க்குத் திரும்பி வரும்வரை காத்திருப்பார். செங்கல்லில் தேய்த்துப் பளபளப்பாக்கிய வாயில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு கத்தரிப்பூ நிறம், அதன்பின் நீலம் என்று வண்ணங்கள் நகரும். எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் பதம். பதம் பார்க்காமல் போட்டுவிட்ட கத்தி, பட்டறையில் யாருமில்லாத இரவில் தானாக வெடிப்பதும் உண்டு.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது ஒன்றுதான். விரிசலின் சத்தம் பெரும்பாலும் கடைசியில்தான் கேட்கிறது. அது தொடங்கிய இடம் வேறாக இருக்கலாம். தொடக்கி வைத்தவரும் வேறாக இருக்கலாம். ஆனால் பழி, கடைசியில் கையில் வைத்திருந்தவன்மேல் விழுகிறது.

*

எங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல இது. தென்னிந்தியாவின் புகழ்பெற்ற உருக்கை ஐரோப்பியர்கள் ஊட்ஸ் என்றார்கள். 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை அளித்தார். 1819இல் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுத்தாய்ந்து எழுதினார். ஐரோப்பியக் கொல்லர்கள் பலரின் சுத்தியலுக்குக் கீழே அந்த உருக்கு பொடிந்துபோனது. கரி மிகக் குறைந்த தம் நாட்டு இரும்பை வெண்சூட்டில் வைத்து அடித்துப் பழகியவர்கள் அவர்கள். ஒன்றரை விழுக்காடு வரை கரி கொண்ட இந்த உருக்கு அந்தச் சூட்டைத் தாங்காது. குறைந்த சிவப்பில், குறுகிய எல்லைக்குள் பொறுமையாக அடிக்க வேண்டும். உருக்கு நன்றாகத்தான் இருந்தது. நெருப்புதான் அதற்குரியதாக இல்லை.

சில வருடங்களுக்கு முன் மாணவர்களைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன. முதுமக்கள் தாழிகளைச் சுற்றி இரும்பு ஆயுதங்கள் முனை கீழ்நோக்கி இருந்ததை ரீ குறித்திருக்கிறார். துருவேறி நீளவாக்கில் பிளந்திருந்த இரும்பைப் பார்த்து ஒரு மாணவன், "அந்தக் காலத்துக் கொல்லனுக்குத் தொழில் சரியாத் தெரியாதா சார்?" என்று கேட்டான். அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்று பதில் தெரியும். இரும்பு துருவாகும்போது இரண்டு மடங்குக்கு மேல் பருக்கிறது. பருத்த துரு தானே உள்ளிருந்து இரும்பைப் பிளக்கிறது. அந்தப் பிளவுக்கு மண்ணும் காலமுமே போதும். அடித்தவன்மேல் பழி சொல்ல அது சாட்சியாகாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட 'இரும்பின் தொன்மை' அறிக்கை, எங்கள் ஊருக்கு அருகேயுள்ள சிவகளையில் இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை கொண்டுசெல்கிறது. அந்தப் பெருமையை மேடைகளில் நானும் பேசியிருக்கிறேன். பேசும்போதெல்லாம் நாற்பது ரூபாயை எண்ணிக் கொடுத்த கை நினைவுக்கு வரும்.

புறநானூற்றின் 21ஆம் பாடலையும் பல வருடங்களாக நடத்திவருகிறேன். ஐயூர் மூலங்கிழார் உக்கிரப் பெருவழுதியைப் பாடியது. பாண்டியன் கைப்பற்றிய கானப்பேரெயில் கோட்டையை மீட்பது, கொல்லனின் காய்ந்த இரும்பு உறிஞ்சிக்கொண்ட நீரை மீட்பதைவிடக் கடினம் என்பது அதன் கருத்து. முடியாமைக்கு ஓர் உவமை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். இப்போது அப்படிப் போக முடிவதில்லை. அந்தக் கணத்தில் நீர் மட்டும் தொலைந்துபோவதில்லை. அதைக் குடித்த இரும்பும் பழைய இரும்பாக இருப்பதில்லை.

*

போன மாசி மாதம் அந்த அரிவாளை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். ஆசாரி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. மகன்தான் தொழில் பார்க்கிறார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். பாதிப் பட்டறையை வெல்டிங் வேலை பிடித்துக்கொண்டிருந்தது. உலை ஒரு மூலையில் இருந்தது. துருத்திக்குப் பதில் மின்விசிறி.

துணியைப் பிரித்ததும் அவர் பிடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார். "எங்க அப்பா அடிச்சதுதான் அண்ணாச்சி. மூணு புள்ளி இருக்கு பாருங்க."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பட்டையில் நூல் தெரிந்தது, அவர் என்னை அனுப்பியது, நான் ஆற்றங்கரைக்குப் போனது, திரும்பி வந்து சொன்ன பொய், அப்பா பேசியபோது மௌனமாக நின்றது. வகுப்பில் ஒரு மணி நேரம் தடையின்றிப் பேசுகிறவன் நான். இதைச் சொல்லி முடிக்க நாக்கு வறண்டுவிட்டது.

அவர் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அப்பாவுக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார்.

"எப்படி?"

"அன்னைக்குச் சாயங்காலம் உங்க அப்பா ரோட்டுல பார்த்து, 'அருவா ஆச்சா வே'ன்னு மட்டும் கேட்டிருக்காக. பட்டை பேச்சே எடுக்கலையாம். அப்பவே அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்குள்ள துவைச்சல் முடிஞ்சிட்டு."

"பிறகு ஏன் அவர் சொல்லவில்லை? அத்தனை பேர் இருந்தார்களே."

"நானும் கேட்டிருக்கேன். 'நூலைப் பார்த்த கண்ணு என்னது. பன்னெண்டு வயசுப் பிள்ளை சொல்லைக் கேட்டு அடிச்சது எந்தப்பு. அதை அந்தப் பிள்ளை தலையில கட்டச் சொல்லுதியா'ன்னு சொல்லுவாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்துவந்தார். உள்ளே மண்ணெண்ணெய். மற்றொரு டப்பாவில் சுண்ணாம்புப் பொடி. மூலையில் கிடந்த ஒரு ஸ்பிரிங் பட்டையை எடுத்துத் தேய்த்து, மண்ணெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டுச் சுத்தமாகத் துடைத்தார். பிறகு சுண்ணாம்பைத் தூவினார். சற்றைக்கெல்லாம் அந்த வெள்ளையின் நடுவே மெல்லிய ஈரக்கோடு ஒன்று ஊறி வந்தது. வெடிப்புக்குள் புகுந்த எண்ணெய் வெளியே கசிகிறது.

"ரயில்வே பட்டறையில வேலை பார்த்தவர் ஒருத்தர் அப்பாவுக்குச் சொல்லிக் குடுத்தது. உங்க அருவா போன வருஷத்துலேர்ந்து இதைப் பார்க்காம அப்பா எந்தப் பட்டையையும் உலையில வச்சதில்ல. நானும் அப்படித்தான்."

அரிவாளைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன். பட்டடையில் வைத்துத் தட்டினார். மண்சட்டி தட்டியதுபோல் செத்த சத்தம். தலையை அசைத்தார். மூக்குப் பக்கத்தைத் தேய்த்து, அங்கேயும் மண்ணெண்ணெய் தடவிச் சுண்ணாம்பு போட்டுப் பார்த்தார். கோடு ஊறவில்லை. "இந்தப் பக்கம் ஒரு சாண் தேறும். அரிவாமணைக்கு ஆகும். அடிக்கட்டுமா?"

அடிக்கச் சொன்னேன். விரிசல் இருந்த பகுதியை வெட்டிக் கழித்துவிட்டு மீதியை உலையில் வைத்தார். சீமைக் கருவேலங்கரி சீறிப் பிடித்தது. அடித்து முடித்து, சிவப்புப் பார்த்து, வாயை மட்டும் எண்ணெயில் தொட்டு அசைத்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். எண்ணெய் பொரிந்த சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. செங்கல்லில் தேய்த்து நிறம் பார்த்தார். வைக்கோல் நிறம் மெல்ல நகர்ந்து வந்தது.

கூலியோடு, பழைய நாற்பது ரூபாயையும் சேர்த்து நீட்டினேன். கூலியை மட்டும் எடுத்துக்கொண்டார். "அதை இப்ப வாங்கி எந்தக் கணக்குல எழுத, அண்ணாச்சி?" என்று சிரித்தார். அரிவாளைக் கையில் வாங்கப் போனேன். அவர் தரவில்லை. வாசல் திண்ணையில் நிழலான ஓர் ஓரத்தில் வைத்தார்.

"காலையில வந்து வாங்கிக்கிடுங்க. ஒரு ராத்திரி கிடக்கட்டும்."